ஒரே வழக்கு, நாலு தலைப்பு: ஐகோர்ட் செய்தியை எப்படிப் படிப்பது?

மடிப்பாக்கம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு தெரு என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். நாற்பது வீடுகள். வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, குடிநீர் வரிகூடக் கட்டுகிறார்கள். பட்டா மட்டும் இல்லை. வருவாய்த் துறை ஒரு நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறது. தெருக்காரர்கள் வீட்டுக்கு இரண்டாயிரம் வசூல் பண்ணி, தம்புசெட்டி தெருவுக்கு வந்து ஒரு வக்கீலைப் பிடிக்கிறார்கள். அடுத்த மூன்று மாதத்தில் பேப்பரில் நான்கு தலைப்புகள் வருகின்றன.

1. மடிப்பாக்கத்தில் வீடுகளை இடிக்க ஐகோர்ட் தடை
2. நீர்நிலையில் வீடு கட்டியவர்களுக்கு இரக்கமா? நீதிபதிகள் காட்டம்
3. ஏரிக்கரை வழக்கு: தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு
4. குடியிருப்போர் மனுவைப் பரிசீலிக்க ஐகோர்ட் அதிரடி உத்தரவு

முதல் தலைப்புக்குத் தெருவில் பட்டாசு வெடிக்கும். இரண்டாவதற்குச் சோறு இறங்காது. மூன்றாவது வந்த அன்று வக்கீலுக்கு நாற்பது போன் வரும். நான்காவதற்கு மறுபடியும் பட்டாசு. வரிசையாகப் படித்தால் நீதிபதிகள் மாற்றி மாற்றிப் பேசியதுபோலத் தோன்றும். ஆனால் வீடு நிற்குமா, போகுமா என்ற கேள்விக்கு இந்த நான்கில் எதுவுமே பதில் சொல்லவில்லை.

கோர்ட் செய்தியில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு: வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அன்றைக்கு நீதிமன்றம் உண்மையில் என்ன செய்தது. தலைப்பு முதலாவதைச் சொல்லாது. இரண்டாவதை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடும்.

நாலு ஆங்கிலச் சொல், ஒரு தமிழ்ச் சொல்

ஐகோர்ட்டின் மொழி ஆங்கிலம். அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு அப்படி வைத்திருக்கிறது. ஜனாதிபதியின் ஒப்புதலோடு மாநில மொழியையும் கொண்டுவரலாம் என்று அதே பிரிவு வழியும் விட்டிருக்கிறது. தமிழக சட்டப்பேரவை 2006இல் அதற்காகத் தீர்மானம் போட்டது. போட்டதோடு சரி. கீழ்க்கோர்ட்டுகளில் 1976 சட்டத் திருத்தத்திலிருந்து தமிழுக்கு இடம் உண்டு. சின்ன ஊர் முன்சீப் கோர்ட்டில் ‘பிராது’, ‘எதிருரை’, ‘உறுத்துக் கட்டளை’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் புழங்குகிறது. கேட்கக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்ள முடியாது.

ஐகோர்ட்டில் கதை வேறு. காலை 11 மணிக்கு நீதிபதி ஆங்கிலத்தில் சொன்னது, கறுப்பு கவுன்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி நிற்கும் நிருபரின் காதில் பாதி விழுந்து, 11.20க்குப் போனில் தமிழாகி, 11.30க்கு டி.வி.யில் சிவப்புப் பட்டையில் ஓடுகிறது. இந்த ஓட்டத்தில் ‘தடை’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலு பேர் ஏறிக்கொள்கிறார்கள்.

1. ஸ்டே. ஓர் அதிகாரியின் உத்தரவையோ கீழ்க்கோர்ட் தீர்ப்பையோ கொஞ்ச காலம் அமல்படுத்தாமல் நிறுத்திவைப்பது. உத்தரவு சாகவில்லை, தூங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம்.

2. இஞ்ஜங்ஷன். ஓர் ஆளைப் பார்த்து ‘இதைச் செய்யாதே’ என்பது. சிவில் கோர்ட்டின் உறுத்துக் கட்டளை இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் நம் இடத்தில் சுவர் எழுப்பினால் கேட்க வேண்டியது இது. ‘ஸ்டே வாங்கிட்டேன்’ என்று ஊரில் சொல்லிக்கொள்வதில் பாதி, உண்மையில் இந்த வகை.

3. ஸ்டேட்டஸ் கோ. இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்பது. இடிக்கவும் கூடாது, மேலே மாடி எடுக்கவும் கூடாது. இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தளம் போடுகிறவர்கள் உண்டு. மறுநாள் எதிர்த்தரப்பு படத்தோடு வந்து அவமதிப்பு மனு போடும். விவரம் தெரிந்த கட்சிக்காரர் உத்தரவு வந்த அன்றே, தேதி தெரியும்படி அன்றைய பேப்பரைச் சுவரில் சாத்தி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்.

4. பேன். ஒரு பொருளையோ அமைப்பையோ அரசு தடை செய்வது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு விதித்தது இந்த ரகம். இதுபோன்ற ஒன்றை எதிர்த்து ஒருவர் ஐகோர்ட்டுக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால், ‘தடைக்குத் தடை விதிக்க மறுப்பு’ என்று தலைப்பு வரும். கவரை வெளியே எடுப்பதா உள்ளே தள்ளுவதா என்று கடைக்காரர் அதை மூன்று தடவை படிக்க வேண்டும்.

‘தள்ளுபடி’யும் இப்படித்தான். ஆடி மாதம் தி.நகரில் தள்ளுபடி என்றால் வந்தவருக்குக் கொண்டாட்டம். ஐகோர்ட்டில் தள்ளுபடி என்றால் வந்தவருக்கு வெறுங்கை. அதிலும் ரகம் உண்டு. வாதத்தைக் கேட்டுவிட்டு ‘இதில் ஒன்றுமில்லை’ என்று தள்ளுவது ஒன்று. கூப்பிட்டபோது ஆள் இல்லாததால் தள்ளுவது இன்னொன்று. காரணம் சொல்லி மனு போட்டால் வழக்கு உயிர் பெறும். மூன்றாவது, நீதிபதியின் முகம் போகிற போக்கைப் பார்த்து வக்கீலே ‘வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது. தலைப்பில் மூன்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு.

எந்தக் கோர்ட் சொன்னது?

‘சென்னை கோர்ட் உத்தரவு’ என்று படித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மெட்ராஸ் ஐகோர்ட் தொடங்கியது 1862இல். இப்போதைய சிவப்புக் கட்டடம் திறக்கப்பட்டது 1892இல். நகரத்தின் பெயர் 1996இல் சென்னை ஆனது; கோர்ட்டின் பெயர் இன்றுவரை மெட்ராஸ்தான். அதே வளாகத்துக்குள்தான் சிட்டி சிவில் கோர்ட்டும் சிறு வழக்குகளுக்கான ஸ்மால் காஸஸ் கோர்ட்டும் இருக்கின்றன. வாசலில் நின்று டி.வி. கேமராவுக்குப் பேட்டி கொடுக்கிற வக்கீல் இதில் எதிலிருந்து வந்தார் என்று பின்னணியில் தெரியும் கோபுரத்தை வைத்துச் சொல்ல முடியாது. (1894 முதல் 1977 வரை அந்தக் கோபுரம் கலங்கரை விளக்கமாக இருந்து கப்பல்களுக்குத் துல்லியமாக வழி காட்டியது. பேப்பர் படிப்பவர்களுக்கு அப்படி ஒரு விளக்கு அமையவில்லை.)

மதுரைக் கிளை 2004இல் வந்தது. அது தனி ஐகோர்ட் இல்லை. ஒரே ஐகோர்ட்டின் இன்னொரு வாசல்.

‘ஐகோர்ட் உத்தரவை ரத்து செய்தது ஐகோர்ட்’ என்ற செய்தியில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. ரிட் வழக்கு, அதாவது அரசு அல்லது அதிகாரியின் செயலை எதிர்த்து நேராக ஐகோர்ட்டில் போடும் வழக்கு, பெரும்பாலும் ஒரு நீதிபதியிடம் தொடங்கும். அவர் சொன்னது பிடிக்கவில்லை என்றால் அதே கட்டடத்தில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்விடம் மேல்முறையீடு போகலாம். அதற்கப்புறம்தான் டெல்லி.

பேசியது வேறு, எழுதியது வேறு

கோர்ட் செய்திகளிலேயே அதிகம் ஏமாற்றுவது ‘காட்டம்’. ‘சரமாரி கேள்வி’, ‘வேதனை’, ‘அதிருப்தி’, ‘சாட்டையடி’ எல்லாம் அதன் உறவுக்காரர்கள்.

நீதிபதி மேடையிலிருந்து பேசுவது விசாரணையின் ஒரு பகுதி. வாதத்தைச் சோதித்துப் பார்க்க எதிர்க்கேள்வி கேட்பார், வக்கீலைச் சீண்டுவார், சில சமயம் யாருக்குச் சாதகமாக எழுதப் போகிறாரோ அவரையே போட்டு வறுப்பார், உத்தரவு மேல்முறையீட்டில் நிற்க வேண்டுமே என்று. கேள்வியை வைத்துத் தீர்ப்பைக் கணிக்கிறவர்கள் கிளி ஜோசியருக்குப் பக்கத்தில் பாய் விரிக்கலாம்.

இந்த வேறுபாட்டுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2021 ஏப்ரல் 26, கொரோனா இரண்டாவது அலையின் உச்சம். அன்று மெட்ராஸ் ஐகோர்ட்டில் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, தேர்தல் பிரச்சாரக் கூட்டங்களைக் கட்டுப்படுத்தாத தேர்தல் கமிஷன்தான் இந்த நிலைமைக்குப் பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற பொருளில் பேசியது. சிறிது நேரத்தில் நாடு முழுக்க அதுதான் தலைப்பு. எழுத்தில் வந்த உத்தரவைப் பார்த்தால் அந்த வார்த்தை இல்லை.

கமிஷன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கருத்தை நீக்க வேண்டும், நீதிபதிகள் வாய்மொழியாகச் சொல்வதை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று கேட்டது. மே 6 அன்று தீர்ப்பு வந்தது. கருத்து கடுமையானது, உவமை பொருத்தமில்லாதது என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பதிவிலேயே இல்லாத ஒன்றை எப்படி நீக்குவது என்று கேட்டது. விசாரணையில் நடப்பதை எழுதும் உரிமையையும் பறிக்க மறுத்துவிட்டது. ஆகவே ‘காட்டம்’ செய்திகள் தொடர்ந்து வரும். வருவதில் தப்பும் இல்லை. அதைப் படித்துவிட்டு வீட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பிப்பதுதான் தப்பு.

அதனால் தலைப்பின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்:

1. ‘கேள்வி’, ‘கருத்து’, ‘காட்டம்’ என்று முடிந்தால் அது பேச்சு. யாரையும் கட்டுப்படுத்தாது.

2. ‘நோட்டீஸ்’ என்று முடிந்தால், எதிர்த்தரப்பைப் பதில் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘அமைச்சருக்கு ஐகோர்ட் நோட்டீஸ்’ என்பதை அவர் மாட்டிக்கொண்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தவரெல்லாம் மாப்பிள்ளை ஆகிவிட மாட்டார்.

3. ‘ஒத்திவைப்பு’ இரண்டு வகை. ‘விசாரணை ஒத்திவைப்பு’ என்பது நம் வாய்தா. ‘தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்பது வாதம் முடிந்துவிட்டது, இனி எழுத வேண்டியதுதான் பாக்கி என்பது. பின்னது நல்ல முன்னேற்றம். தலைப்பில் மட்டும் இழுத்தடிப்பதுபோலத் தெரியும்.

4. ‘உத்தரவு’ என்று முடிந்தால், யாருக்கு, எதைச் செய்யச் சொல்லி என்று இரண்டாவது பத்தியைத் தேடுங்கள். அங்கேதான் பட்டாசு நமுத்துப்போகும்.

தடைக்கு ஆயுள் எவ்வளவு?

வீடு இடிந்துவிட்டால் வழக்கில் ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் விவாதத்துக்கு முன்பே, சில சமயம் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே, ஓர் இடைக்காலத் தடை கொடுப்பார்கள். அது ‘உன் பக்கம் நியாயம் இருக்கிறது’ என்ற முத்திரை ஆகாது. ‘பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்காதே’ என்பதுதான் அதன் சாரம்.

சிவில் வழக்கில் எதிர்த்தரப்பைக் கேட்காமல் இப்படி உறுத்துக் கட்டளை கொடுத்தால், அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது. ‘என்னைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற மனுவுக்குப் பெயர் கேவியட். அதற்கு ஆயுள் 90 நாள். 91ஆம் நாள் எதிராளி தடை வாங்கிவிட்டார் என்று தலையில் கை வைத்தவர்களின் கட்டு எல்லா வக்கீல் ஆபீசிலும் ஒன்றிரண்டு கிடக்கும்.

ஆறு மாதத்தில் தடை தானாகவே காலாவதி ஆகிவிடும் என்று பலர் இன்னமும் நம்புகிறார்கள். ஆதாரம் இல்லாமல் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம், விசாரணையை நிறுத்திவைக்கும் தடைகள் ஆறு மாதத்துக்குப் பிறகு நீட்டிக்கப்படாவிட்டால் முடிந்துவிடும் என்றது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது; தடை தானாக விழாது. முதல் தீர்ப்பு டீக்கடை வரை வந்து சேர்ந்தது. இரண்டாவது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

‘பரிசீலிக்க உத்தரவு’ என்ற மாயம்

ரிட் வழக்குகளில் மிக அதிகமாகவும் மிகச் சந்தோஷமாகவும் தப்பாகப் படிக்கப்படுவது இது. அதன் உடல்கூறு இப்படி:

1. ஒருவர் அதிகாரிக்கு மனு கொடுக்கிறார். அது மேசையில் தூங்குகிறது.
2. அவர் ஐகோர்ட்டுக்கு வருகிறார். அரசு வக்கீல், ‘மனு நிலுவையில்தான் இருக்கிறது, பரிசீலிப்போம்’ என்கிறார்.
3. நீதிமன்றம், ‘எட்டு வாரத்தில், சட்டத்துக்கு உட்பட்டு, தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து முடிவெடுங்கள்’ என்று சொல்லி வழக்கை முடித்துவைக்கிறது.

‘பரிசீலி’ என்றால் ‘கொடு’ என்று அர்த்தம் இல்லை. அதிகாரி ஏழாவது வாரம் பரிசீலித்து, எட்டாவது வாரம் காரணத்தோடு நிராகரித்தால், உத்தரவை அவர் அப்படியே நிறைவேற்றிவிட்டார். அவமதிப்பு வழக்குக்கும் வழியில்லை. இதே உத்தரவில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: மனுதாரரின் உரிமை குறித்து இந்த நீதிமன்றம் எந்தக் கருத்தும் தெரிவிக்கவில்லை என்று. இந்த வரியைத் தலைப்பாகப் போட்ட பேப்பரை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் இந்த உத்தரவு வீணா? இல்லை. நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணம் தப்பாக இருந்தால் அதை எதிர்த்து மறுபடி வரலாம். தூங்கிக்கொண்டிருந்த காகிதத்தை எழுப்பி நடக்கவிட்டதுதான் லாபம். அது எந்தப் பக்கம் நடக்கும் என்பது வேறு விஷயம்.

ஐந்து விதமான விடுதலை

குற்ற வழக்குச் செய்திகளில் முதலில் கட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. புகார். ஸ்டேஷனில் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். அது மனு வந்ததற்கான சாட்சி, அவ்வளவுதான். ‘கேஸ் போட்டாச்சு’ என்று அதை ஃபிரேம் போட வேண்டாம்.

2. எஃப்.ஐ.ஆர். போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. அதாவது பதிவாகும் நேரத்தில் யாரும் உண்மை பொய் பார்த்துவிடவில்லை.

3. கைது, ரிமாண்ட். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது என்பது 2014இல் வந்த தீர்ப்பு. ‘நீதிமன்றக் காவல்’ என்றால் புழல். ‘போலீஸ் காவல்’ என்றால் விசாரணைக்காகப் போலீஸ் கையில், மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது. நீதிமன்றக் காவலை ஒரு தடவைக்கு 15 நாள்தான் நீட்டிக்கலாம். அதனால்தான் ‘காவல் நீட்டிப்பு’ என்ற செய்தி பௌர்ணமி அமாவாசைபோல வந்துகொண்டே இருக்கிறது. புதிதாக எதுவும் நடக்கவில்லை, காலண்டர் நடந்திருக்கிறது.

4. குற்றப்பத்திரிகை. மாஜிஸ்திரேட் காவலில் வைக்கச் சொன்ன நாளிலிருந்து 60 நாளில், மரண தண்டனையோ ஆயுளோ 10 ஆண்டுக்குக் குறையாத சிறையோ விதிக்கத்தக்க குற்றம் என்றால் 90 நாளில், போலீஸ் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கேட்டவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். இப்படி ஒருவர் வெளியே வந்தால், கோர்ட் அவரை நம்பியதாக அர்த்தம் இல்லை. போலீஸ் நாள் எண்ணத் தவறியது.

5. சாட்சி விசாரணை, தீர்ப்பு. பேப்பர்காரர்கள் வழக்கை மறந்துவிட்ட பிறகு நடப்பது.

இப்போது ‘விடுதலை’க்கு வருவோம். தலைப்பில் இந்தச் சொல் ஐந்து வெவ்வேறு நிகழ்ச்சிகளுக்கு வருகிறது.

ஜாமீனில் வெளியே வந்தால் விடுதலை என்பார்கள். வழக்கு அப்படியே இருக்கிறது. தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிற விடுதலை அது. குற்றப்பத்திரிகையைப் பார்த்ததுமே விசாரணைக்குப் போகும் அளவுக்குச் சரக்கு இல்லை என்று கோர்ட் அனுப்பிவைத்தால் அது விடுவிப்பு. வழக்கே சட்டப்படி நிற்காது என்று ஐகோர்ட் ஒரேயடியாக நீக்கினால் அது ரத்து. சாட்சிகளையெல்லாம் விசாரித்து, குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்று தீர்ப்பு வந்தால்தான் முழுப் பொருளில் விடுதலை.

ஐந்தாவது, தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவரை வெளியே விடுவது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது. ஆளுநர் தரப்பில் நேர்ந்த தாமதம், நீண்ட சிறைவாசம் எல்லாம் அதில் பேசப்பட்டன. குற்றவாளி என்ற பழைய தீர்ப்பை அந்த உத்தரவு தொடவில்லை. அன்று மாலை ஒரு பக்கம் இனிப்பும் இன்னொரு பக்கம் கண்டனமும் நடந்தன. இரண்டு பக்கத்திலும் பலர் நாலாவது வகை விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குண்டர் சட்டம் தண்டனையா?

கிடையாது. 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டத்துக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பெயர் உண்டு; கள்ளச்சாராயத்தில் தொடங்கி வரிசையாகப் போகும். ஊருக்கு அது குண்டர் சட்டம். செய்த குற்றத்துக்குத் தண்டனையாக இல்லாமல், இனிமேல் செய்யக்கூடும் என்று கருதி அடைத்துவைப்பது. நகரத்தில் போலீஸ் கமிஷனரும் மாவட்டத்தில் கலெக்டரும் உத்தரவு போடுவார்கள். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் அறிவுரைக் குழுமம் பார்க்கும். அதிகபட்சம் 12 மாதம்.

இதை எதிர்த்துப் போடுவது ஆட்கொணர்வு மனு. ஐகோர்ட் இதில் நிறைய உத்தரவுகளை ரத்து செய்வது, கைதானவருக்குக் கொடுத்த ஆவணங்களில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருந்தது, அவர் கொடுத்த முறையீட்டைப் பார்க்கத் தாமதமானது போன்ற காரணங்களுக்காக. ‘ரவுடி மீதான குண்டர் சட்டம் ரத்து’ என்று படித்ததும் ‘கோர்ட்டே இப்படிப் பண்ணினால்’ என்று பெருமூச்சு வரும். விசாரணையே இல்லாமல் ஒருவரை ஒரு வருடம் வைக்கிற சட்டத்தில், ஜெராக்ஸ் தெளிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை. தவிர, அவர் மீதுள்ள மூல வழக்குகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஜாமீன் இல்லை என்றால் ஆள் புழலைவிட்டு நகரப் போவதில்லை.

தண்டனை நிறுத்தமும் தீர்ப்பு நிறுத்தமும்

இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்ற எம்.எல்.ஏ., எம்.பி. பதவி இழப்பார். மேல்முறையீடு போட்டுவிட்டுப் பதவியில் தொடரலாம் என்று முன்பு இருந்த வசதியை உச்ச நீதிமன்றம் 2013இல் நீக்கிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, ஜெயிலுக்குப் போகாமல் இருப்பதும் பதவியைக் காப்பாற்றுவதும் இரண்டு தனித்தனி உத்தரவுகள் என்பது.

பொன்முடி வழக்கில் இது பாடப்புத்தகம்போல நடந்தது. 2023 டிசம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் மெட்ராஸ் ஐகோர்ட் அவருக்கு மூன்று ஆண்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டுக்காக அந்தத் தண்டனையை ஐகோர்ட்டே நிறுத்திவைத்தது. ஆகவே சிறை இல்லை. ஆனால் ‘குற்றவாளி’ என்ற முடிவு நின்றதால் அமைச்சர் பதவியும் எம்.எல்.ஏ. பதவியும் போயின. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவையே நிறுத்திவைத்ததும், பதவிக்குத் திரும்பும் வழி திறந்தது. பதவிப் பிரமாணம் செய்துவைக்க ஆளுநர் மறுக்க, விஷயம் மறுபடி டெல்லி போய், மார்ச் 22 அன்று பதவியேற்பு நடந்தது. முதல் நிறுத்தத்துக்கும் இரண்டாவது நிறுத்தத்துக்கும் தமிழ்ப் பேப்பரில் ‘தண்டனை நிறுத்திவைப்பு’ என்ற ஒரே தலைப்புதான் பெரும்பாலும் வந்தது. அவர் நிரபராதி என்று இரண்டில் எதுவும் சொல்லவில்லை.

எண்களும் மாறிவிட்டன

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டமே தொடரும். ஆகவே பல ஆண்டுகளுக்கு இரண்டு எண் வரிசைகளும் ஒன்றாக ஓடும். ‘ஃபோர்ட்வென்ட்டி’ என்று ஊரே திட்டிய 420 இப்போது 318இன் 4ஆவது உட்பிரிவு. இதை வைத்து ஒருவரைத் திட்டி முடிப்பதற்குள் அவர் பஸ் ஏறிவிடுவார். கொலைக்கு 302 போய் 103 வந்திருக்கிறது. ஊரடங்கு என்றதும் நினைவுக்கு வரும் 144, இனி 163.

வக்கீல்களையே தடுக்கிவிழ வைப்பது 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு அந்த எண். புதியதில் முன்ஜாமீனுக்கு. ரத்து இப்போது 528. ‘482 போட்டிருக்கிறோம்’ என்று யாராவது சொன்னால், எந்த வருடத்து 482 என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரிபார்க்க வேண்டுமென்றால்

ஐகோர்ட்டின் இணையதளத்தில் வழக்கு எண் போட்டால் நிலவரமும் உத்தரவின் நகலும் கிடைக்கும். கீழ்க்கோர்ட் வழக்குக்கு சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் போதும். வழக்கு எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து பாதிக் கதையைச் சொல்லிவிடும்: டபிள்யூ.பி. என்றால் ரிட் மனு, ஹெச்.சி.பி. என்றால் ஆட்கொணர்வு, ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு. உத்தரவைத் திறந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முன்னால் இருப்பதெல்லாம் யார் என்ன சொன்னார்கள் என்ற கதை. ‘ஆகவே’ என்று தொடங்கும் பத்தியில்தான் காரியம்.

மடிப்பாக்கம் தெருவுக்கு என்ன ஆயிற்று?

நான்கு தலைப்புகளையும் இப்போது திரும்பப் படித்தால் இப்படி வரும். ஒன்று, நோட்டீஸுக்குப் பதில் சொல்ல அவகாசம் தராமல் இடிக்க வந்தார்கள் என்பதால் இடைக்காலமாக நிறுத்திவைத்தார்கள். இரண்டு, விசாரணையில் நீதிபதிகள் பேசினார்கள். மூன்று, வாதம் முடிந்தது. நான்கு, குடியிருப்போரின் விளக்கத்தை நோட்டீஸுக்கான பதிலாக எடுத்துக்கொண்டு, நேரில் விசாரித்து, எட்டு வாரத்தில் காரணத்தோடு உத்தரவு போடும்படி தாசில்தாருக்குச் சொன்னார்கள்; அதுவரை இடிக்கக் கூடாது.

1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பிறகே அகற்ற வேண்டும் என்று இருக்கிறது. ஐகோர்ட் செய்தது அந்த வரிசையைச் சரிசெய்தது மட்டும். இடம் ஏரிப் புறம்போக்கா, ஊர்க் குடியிருப்புக்கான நத்தமா, வேறு எதுவா என்பதை அது தொடவில்லை. (புறம்போக்கு வசைச்சொல்லாவதற்கு முன்பே வருவாய்த் துறையின் வகைப்பெயர்.) அந்தக் கேள்வி, புல எண்ணும் பழைய வரைபடமும் இருக்கிற தாலுகா ஆபீசுக்குத் திரும்பிவிட்டது.

அங்கே விசாரணைக்கு ஒரு தேதி போடுவார்கள். பட்டாசு வெடித்த நாற்பது வீட்டில் பதினைந்து பேர் போவார்கள். மற்றவர்கள் ‘அதான் ஐகோர்ட்லயே ஜெயிச்சாச்சே’ என்று வேலைக்குப் போயிருப்பார்கள். எட்டாவது வாரம் மூன்று பக்க உத்தரவு ஒன்று கதவில் ஒட்டப்படும். எந்தப் பேப்பரிலும் அது வராது. முழுக்கத் தமிழிலேயே இருக்கும்.